சிநேகிதியின் கணவர் திடீரென்று இறந்துவிட்டால்: பக்கத்தில் இருப்பது எப்படி?

முகாமில் இருந்த காலத்தில் ஒரு தறப்பாளுக்குள் யாராவது அழுதால் பத்துத் தறப்பாளுக்குக் கேட்கும். அது பல நேரம் கரைச்சலாகத்தான் இருந்தது. ஆனால் துக்கம் வந்தபோது எவரும் தனித்துப் போகவில்லை. 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த குடும்பங்கள், அந்த ஆண்டு மே மாதம் தொடக்கம் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பகுதிகளுக்குத் திரும்பி வந்தன. அப்போது ஒவ்வொருவருக்கும் சொந்த வளவு இருந்தது. ஆனால் பக்கத்து வளவு பற்றையாகவே கிடந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரர் திரும்பியிருக்கவில்லை. இரவில் ஒரு பெண் அழுதால் கேட்க ஆள் இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் சில வீடுகளில் மரணம் வருகிறது. வயலில் பாம்பு கடிக்கிறது. இரவுக் காவலுக்குப் போனவரை யானை தாக்குகிறது. வாவியில் வலை வீசப் போனவரின் தோணி கவிழ்கிறது. மழைக்காலத்தில் மின்னல் விழுகிறது. சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே சாய்கிறார்கள். செல்லுக்கும் முகாமுக்கும் தப்பி வந்தவர், ஊருக்கு வந்து கூரை போட்ட பிறகு இறந்துவிட்டார் என்பதை எந்த மனைவியால் உடனே ஏற்றுக்கொள்ள முடியும்?

இந்தக் கட்டுரை அந்த மனைவிக்காக எழுதப்பட்டதல்ல. அவருடைய சிநேகிதிக்காகவும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகவும் மச்சாளுக்காகவும் எழுதப்பட்டது. “என்ன சொல்வதென்று தெரியவில்லை” என்று படலையடியில் தயங்கி நிற்பவர்களுக்காக எழுதப்பட்டது.

திடீர் மரணம் ஏன் வேறு விதமாகத் தாக்குகிறது?

நீண்ட நாள் நோயில் கிடந்து ஒருவர் இறந்தாலும் துக்கம் துக்கம்தான். ஆனாலும் அந்த வீட்டில் மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராகியிருக்கும். பேச வேண்டியதைப் பேசியிருப்பார்கள். திடீர் மரணத்தில் அதற்கு இடமில்லை. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர் மத்தியானம் பிரேதமாக வருகிறார். கடைசியாகப் பேசியது ஒரு சின்னச் சண்டையாகக்கூட இருக்கலாம். அந்தக் கடைசிச் சொல் மனைவியின் காதில் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் உங்கள் சிநேகிதியிடம் நீங்கள் எதிர்பாராத பல விடயங்களைக் காணலாம்:

• ஒரு சொட்டுக் கண்ணீரும் வராமல் கல்லைப் போல இருப்பார்.
• வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட எழும்புவார். சில நேரம் சிரிக்கவும் செய்வார்.
• இறந்தவர் மேல் கோபப்படுவார். கடவுள் மேலும், வைத்தியசாலை மேலும், உங்கள் மேலும் கோபப்படுவார்.
• அவருக்கும் சேர்த்துச் சோறு போடுவார். சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலைப் பார்ப்பார்.
• நித்திரை, பசி இரண்டும் போய்விடும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

இவை பைத்தியத்தின் அடையாளங்கள் அல்ல. திடீரென்று அடி விழுந்த மனம் அதைத் தாங்கிக்கொள்ளும் வழிகள் இவை. “அவள் அழவே இல்லை, பார்த்தீங்களா?” என்று செத்த வீட்டில் ஒரு கதை எழும்பினால் அதை அங்கேயே நிறுத்துவது உங்கள் முதல் உதவி.

இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். எங்கள் பிரதேசத்தில் எந்த மரணமும் தனியாக வருவதில்லை. 1990ஆம் ஆண்டில் இழந்த தகப்பன், 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலோ கல்லடியிலோ கடல் கொண்டுபோன சகோதரி, கடைசி இடம்பெயர்வில் வழியில் இறந்த முதியவர் என்று பழைய இழப்புகள் எல்லாம் இந்த ஒரு மரணத்தோடு சேர்ந்து எழும்பும். அவர் அழுவது ஒருவருக்காக மட்டும் இல்லாமல் இருக்கலாம்.

முதல் நாளும் அடுத்த நாட்களும்

போங்கள். சரியான சொல் கிடைத்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். துறையில் பாதை வரும்வரை நிற்க வேண்டியிருந்தாலும், அன்று முடியாவிட்டால் அடுத்த நாள் என்றாலும் போங்கள். போனதும் பக்கத்தில் இருங்கள். கையைப் பிடிப்பது அவருக்குப் பழக்கம் என்றால் பிடியுங்கள். பேச்சு தேவையில்லை.

செய்தியை அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருந்தால், உண்மையைச் சொல்லுங்கள். “கொஞ்சம் கடுமையாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க” என்று ஆறுதலுக்குப் பொய் சொன்னால், வழி நெடுக அவர் நம்பிக்கையோடு போய் அங்கே இரண்டாவது தடவை உடைந்துபோவார். அவரை இருக்கச் செய்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, “இறந்துவிட்டார்” என்ற சொல்லையே சொல்ல வேண்டும். வேறு சொற்களில் சுற்றி வளைத்தால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்க்கும்.

திடீர் மரணம் என்றால் பொலிசாரும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் வருவார்கள். பிரேத பரிசோதனை தேவைப்படலாம். “கடைசியாக எப்போது கண்டீர்கள்? வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று மனைவியிடம் கேட்பார்கள். இடம்பெயர்வுக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய எங்களுக்குச் சீருடைக்காரர் கேட்கும் கேள்வி என்றாலே நெஞ்சு பதறும். தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று அவர் நினைப்பார். இது எல்லாத் திடீர் மரணங்களிலும் நடக்கும் வழமையான விசாரணை என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கேள்வி கேட்கும்போது பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள்.

பிரேதத்தைப் பார்க்க அவர் விரும்பினால் தடுக்க வேண்டாம். கடைசியாகப் பார்த்தவர்களுக்கு நடந்ததை நம்புவது கொஞ்சம் இலகுவாகிறது. உடல் சிதைந்திருந்தால் எப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். முகமோ கையோ பார்க்கக்கூடிய பகுதியை மட்டும் காட்டலாம். பார்க்க விரும்பாவிட்டால் வற்புறுத்தவும் வேண்டாம். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இழவு வீட்டில் அடுப்பு எரியாது, அயலார் சமைத்துக் கொடுப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்த வழக்கம். ஆனால் திரும்பி வந்த ஊரில் அயலே குறைவு. ஆகவே யார் எந்த வேளைக்குக் கொடுப்பது என்று நாலு வீட்டார் கூடிப் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் ஐந்து பானைச் சோறு வரும். ஐந்தாம் நாள் ஒன்றும் வராது.

எதைச் சொல்வது, எதை விடுவது?

துக்கம் விசாரிக்க வருபவர்கள் கெட்ட மனத்தோடு பேசுவதில்லை. அமைதி பொறுக்க முடியாமல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். சில சொற்கள் வருடக்கணக்கில் குத்திக்கொண்டிருக்கும். இவற்றை விட்டுவிடுங்கள்:

“அழாத.” அழுகையைப் பார்த்துத் தாங்க முடியாதவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். அவருக்கு அழ வேண்டும்.

“எல்லாம் விதி.” அவராகச் சொன்னால் கேளுங்கள். அது அவருக்கு ஊன்றுகோலாக இருக்கலாம். நாங்கள் சொன்னால் “வாயை மூடு” என்று சொன்னதுபோல் ஆகும்.

“பிள்ளைகளுக்காக நீ திடமாக இருக்க வேணும்.” அவர் ஏற்கனவே அதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்.

“நீ இன்னும் சின்னப் பிள்ளைதானே.” மறுமணத்தைப் பற்றிப் பேச இது நேரமல்ல.

“முகாமிலேயே இருந்திருந்தா இப்படி வந்திருக்காது.” இதை ஒருபோதும் சொல்லாதீர்கள். ஊருக்குத் திரும்புவோம் என்று ஆசைப்பட்டுக் கேட்டது அவராகவே இருக்கலாம். “நான்தானே கூட்டிவந்தேன்” என்று ஒவ்வோர் இரவும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் புண்ணில் விரலை வைக்க வேண்டாம். அவரே அதைச் சொன்னால், “அப்படி நினைக்காத” என்று வெட்டிவிடாமல் முழுவதும் சொல்ல விடுங்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தீர்கள், பிள்ளைகளுக்குச் சொந்த மண் வேண்டும் என்றுதான் வந்தீர்கள், பாம்பும் மின்னலும் எந்த ஊரிலும் உண்டு.

சொல்லக்கூடியவை சிறியவை:

“கேள்விப்பட்டவுடனே வந்தன்.”
“எனக்கு என்ன சொல்றெண்டே தெரியா. உன்னோட இரிக்கன்.”
“வாகா, ரெண்டு வாய் சாப்பிடு. நானும் சாப்பிடல்ல.”
“அவர் எங்கட கிணறு இறைச்சுத் தந்தத நான் மறக்கவே மாட்டன்.”

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அதில் இறந்தவர் இருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் மனைவி அழுவார் என்று பயந்து பலர் பெயரையே எடுப்பதில்லை. அவர் ஏற்கனவே நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் நினைவூட்டிவிடப் போவதில்லை. ஊரெல்லாம் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டால், அப்படி ஒருவர் வாழவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும்.

நடந்ததைச் சொல்லும்படி அவரைத் தூண்ட வேண்டாம். வாய்விட்டுக் கொட்டினால்தான் சுகம் வரும் என்று சிலர் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். தானாகச் சொல்ல வரும்போது கேட்க ஆள் இருந்தால் போதும். ஒரே கதையைப் பத்தாம் தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்பதுபோல் கேளுங்கள்.

எங்கள் ஊர் ஏற்கனவே அறிந்த வழி: குளிர்த்தி

இவற்றையெல்லாம் வெளியிலிருந்து யாராவது வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. வாவியின் இரு கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் இருக்கின்றன. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, கடைசி நாளில் குளிர்த்தி பாடுகிறோம். செட்டிபாளையம் குளிர்த்திக்கு வாவி தாண்டிச் சனம் போவது எல்லோருக்கும் தெரியும்.

கண்ணகி யார்? திடீரென்று கணவனைப் பறிகொடுத்த பெண். காலையில் சிலம்பு விற்கப் போனவன் கொல்லப்பட்டான் என்ற செய்தி வேற்றூரில், உறவு யாரும் இல்லாத இடத்தில் அவளுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஊரில் அவளும் இடம்பெயர்ந்து வந்தவள்தான். அவள் துக்கம் நெருப்பாகி மதுரையை எரித்தது. அப்படி எரிந்து வந்தவளை இடைச்சேரிப் பெண்கள் வெண்ணெயும் தயிரும் கொண்டு குளிரப் பண்ணினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

அவர்கள் என்ன செய்யவில்லை என்று பாருங்கள். கோபப்படுவது பிழை என்று புத்தி சொல்லவில்லை. விதி என்று சொல்லவில்லை. அவளிடம் போனார்கள், இருப்பதைக் கொண்டு போனார்கள், குளிரும்வரை பக்கத்தில் நின்றார்கள்.

இன்னொன்று. குளிர்த்தி ஒரு தரத்தோடு முடிவதில்லை. ஒவ்வொரு வைகாசியிலும் திரும்பப் பாடுகிறோம். “போன வருடம் பாடியாயிற்று, இனி எதற்கு?” என்று எந்த ஊரும் கேட்டதில்லை. திடீரென்று கணவனை இழந்தவளின் சூடு ஒருநாளில் ஆறாது, திரும்பத் திரும்பப் போய்த்தான் ஆற்ற வேண்டும் என்பதை இந்தச் சடங்கை உண்டாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள்.

சனம் கலைந்த பிறகு

எட்டுச் செலவுக்கு ஊர் கூடும். முப்பத்தோராம் நாளுக்கும் வரும். அதற்குப் பிறகு வாடகைக் கதிரைகள் போய்விடும், பந்தல் அவிழ்ந்துவிடும், மாமியும் மற்ற உறவினரும் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். உங்கள் சிநேகிதிக்கு மிகக் கடினமான காலம் அன்றுதான் தொடங்குகிறது.

இதை நான் என் சொந்தப் பிழையிலிருந்து எழுதுகிறேன். என் சிநேகிதி ஒருத்தியின் கணவர் இறந்தபோது நான் செத்த வீட்டுக்குப் போனேன், முப்பத்தோராம் நாளுக்கும் போனேன். பிறகு வேலை என்று சொல்லி இரண்டு மாதம் போகவே இல்லை. உண்மையில் வேலை இல்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயம். கடைசியாகப் போனபோது அவள் ஏசவில்லை. “எல்லாரும் வந்தாங்க. ஒருத்தரும் திரும்பி வரல்ல” என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

திரும்பிப் போவது எப்படி?

“ஏதும் தேவையெண்டா சொல்லு” என்று சொல்லிவிட்டு வர வேண்டாம். அவர் சொல்லமாட்டார். என்ன தேவை என்று யோசிக்கவே அவருக்குத் தெம்பு இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு நாளையும் ஒரு வேலையையும் பிடித்துக்கொள்ளுங்கள். “ஒவ்வொரு செவ்வாயும் வருவன்” என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை போங்கள். அரை மணி நேரம் போதும். இறந்தவர் செய்துவந்த வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: வேலி அடைப்பது, பம்புக்கு எண்ணெய் வாங்குவது, சின்னவனைப் பாடசாலையில் விடுவது, வேளாண்மைக்கு ஆள் பிடிப்பது. வீட்டு ஆண்கள் உதவும்போது கூடவே ஒரு பெண்ணும் போனால் ஊர்க் கதைக்கு இடமிருக்காது.

சில நாட்கள் கூடுதலாகக் கனக்கும். அவற்றைக் கலண்டரில் குறித்துவையுங்கள்: அவர் இறந்த திகதி மாதந்தோறும் வரும் நாள், முதல் அறுவடை, முதல் பொங்கல் அல்லது நத்தார் அல்லது நோன்புப் பெருநாள், பிள்ளையின் பிறந்தநாள், பாடசாலை தொடங்கும் நாள், ஆண்டுத் திவசம். அன்று காலையில் படலையைத் திறந்துகொண்டு போனாலே போதும்.

எங்கள் பிரதேசத்தில் ஒரு நல்ல விடயம் உண்டு. பெரும்பாலும் வீடும் வளவும் தாய்வழியாகப் பெண்ணுக்குச் சீதனமாக வருகின்றன; கணவர்தான் மனைவியின் ஊருக்கு வந்து வாழ்கிறார். ஆகவே கணவர் இறந்தாலும் பெண் தன் தாயின், சகோதரிகளின் நடுவில் இருப்பாள். ஆனால் இடம்பெயர்வு இந்த வேலியைப் பிய்த்துவிட்டது. தாய் முகாமில் இறந்திருக்கலாம். அக்கா மட்டக்களப்பு நகரத்திலேயே தங்கியிருக்கலாம். தங்கை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கலாம். அந்த இடத்தை இப்போது சிநேகிதிதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

பொட்டும் சேலையும் முன்வரிசையும்

கணவனை இழந்த பெண்ணை அம்மனாக வைத்துக் கும்பிடும் ஊர் எங்களுடையது. அதே ஊரில், கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் சகுனம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கலியாண வீட்டில் பின்னால் இருக்கச் சொல்கிறார்கள். தன் சொந்த மகளின் சாமர்த்தியச் சடங்கிலேயே ஒதுங்கி நிற்கும் தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பொட்டு வைப்பதா, எந்த நிறச் சேலை உடுப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். வெள்ளை உடுக்க விரும்பினால் அதையும் மதியுங்கள். ஆனால் ஒதுக்கும்போது பேசாமல் இருக்காதீர்கள். உங்கள் வீட்டு விசேடத்துக்கு அவரை நேரில் போய் அழையுங்கள். வந்தால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்க வையுங்கள். ஒரு பெண் தன் வீட்டில் இதைச் செய்தால் அடுத்த பெண்ணுக்குத் துணிவு வரும்.

முஸ்லிம் சிநேகிதி என்றால் அவர் இத்தாவில் இருப்பார். அது 4 மாதமும் 10 நாளும். கர்ப்பிணியாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை. அந்தக் காலத்தில் அவர் தேவையின்றி வெளியே போகமாட்டார். பெண்கள் அவரைப் போய்ப் பார்க்கலாம். பழைய அயலவர் என்ற முறையில் தமிழ்ப் பெண்கள் போய்ப் பார்ப்பது இன்று எங்கள் பிரதேசத்துக்கு இரட்டிப்பு ஆறுதல்.

கணவர் இறக்கவில்லை, காணாமற்போயிருக்கிறார் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாம் பொருந்தாது. “இனி வரமாட்டார்” என்றோ “கட்டாயம் வருவார்” என்றோ நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் காத்திருக்கும்வரை கூடக் காத்திருங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

“அப்பா வெளிநாடு போயிருக்கார்” என்று சொன்னால் பிள்ளை காத்திருக்கும். பிறகு உண்மை தெரியும்போது தகப்பனை மட்டுமல்ல, சொன்னவர் மேலிருந்த நம்பிக்கையையும் இழக்கும். “அப்பா நித்திரை” என்றால் சில பிள்ளைகள் நித்திரைக்குப் போகவே பயப்படும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் சொல்லில் உண்மையைச் சொல்லலாம்: “அப்பாவைப் பாம்பு கடிச்சிட்டு. டொக்டர்மார் பார்த்தாங்க, காப்பாத்த ஏலாமப் போயிட்டு. அப்பா இனி வரமாட்டார். அம்மா உன்னோட இருப்பா.”

பிள்ளைகள் சிறிது நேரம் அழுவார்கள், பிறகு விளையாடப் போவார்கள். அது அன்பில்லாமை அல்ல. தன் குழப்படியால்தான் அப்பா இறந்தார் என்று சில பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூத்த மகனிடம் “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிள” என்று சொல்லி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளில் வீட்டை ஏற்ற வேண்டாம். பாடசாலைக்குத் திரும்புவது அவர்களுக்கு மருந்து. வகுப்பாசிரியரிடம் முதலில் போய் விடயத்தைச் சொல்லிவிடுங்கள்.

பத்திரங்களுக்குக் கூடப் போவதும் ஆறுதல்தான்

துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு படிவமே மலைபோல் தெரியும். கூடப் போங்கள். பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டு நீங்கள் வைத்திருங்கள். முக்கியமானவை:

• மரணப் பதிவு: மரணம் நடந்து 5 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். வீட்டில் இறந்திருந்தால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை தேவை. திடீர் மரணத்தில் விசாரணை அதிகாரி கொடுக்கும் பத்திரத்தைத் தவறவிட வேண்டாம். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் எடுங்கள்.
• மீள்குடியேற்ற உதவி: வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி என்பன இறந்தவரின் பெயரில் இருந்தால், கிராம உத்தியோகத்தருக்கும் உதவி வழங்கும் நிறுவனத்துக்கும் உடனே அறிவித்து மனைவியின் பெயருக்கு மாற்றக் கேளுங்கள்.
• காணி: அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால், இறந்தவரின் வாழ்க்கைத்துணைக்கு அதில் வாழ்நாள் உரிமை உண்டு. பிரதேச செயலகக் காணிக் கிளையில் விசாரியுங்கள். உறுதிக் காணியும் மற்றச் சொத்தும் என்றால், மரணசாசனம் இல்லாதபோது பொதுச் சட்டப்படி வாழ்க்கைத்துணைக்கு அரைவாசி, பிள்ளைகளுக்கு அரைவாசி. தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரியது, இங்கு பொருந்தாது. முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் பொருந்தும்.
• நட்டஈடு, ஓய்வூதியம்: காட்டு யானை தாக்கி இறந்திருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் நட்டஈடு கோரலாம். விவசாயிகள் அல்லது மீனவர் ஓய்வூதியத் திட்டத்தில் பணம் கட்டியிருந்தால் அதையும், கூலி வேலையில் சேமலாப நிதி இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

கலியாணம் பதியாதவர்கள், பத்திரங்களை இடம்பெயர்வில் தொலைத்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

முதல் சில வாரங்களில் கடன், காணி, உழவு இயந்திரம், தோணி என்று யாராவது பத்திரம் கொண்டுவந்து கையொப்பம் கேட்டால், “யோசிச்சுச் சொல்றம்” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். துக்கத்தில் வைத்த கையொப்பத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

எப்போது கூடுதல் உதவி தேவை?

2007ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து அனர்த்த கால உளநலம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதன் சாரம் எளிது: பெரும்பாலானவர்கள் குடும்பத்தின், ஊரின் ஆதரவோடு தேறுவார்கள், ஒரு சிறு பகுதியினருக்கே வைத்திய உதவி தேவைப்படும். அந்தச் சிறு பகுதியினரை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகும் நீங்கள்தான்.

மாதக்கணக்கில் எழும்பிக் குளிக்கவும் சமைக்கவும் முடியாமல் இருந்தால், பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டால், இல்லாத குரல்கள் கேட்டால், “நானும் அவரோட போயிடணும்” என்று சொன்னால் தாமதிக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுக்காதீர்கள். “செத்துப்போகணும் எண்டு நினைக்கிறியா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. சொல்ல ஒரு வழி கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துகளை அந்த வீட்டிலிருந்து எடுத்து வேறிடத்தில் பூட்டி வையுங்கள். இது சின்ன விடயமல்ல. மிகக் கொடிய பூச்சிமருந்துகள் 1990களில் தடைசெய்யப்பட்ட பின், பத்து ஆண்டுகளுக்குள் எங்கள் நாட்டில் தற்கொலை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது அந்த நேரம் கடந்துபோய்விடுகிறது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேளுங்கள். எங்கள் கள உத்தியோகத்தரிடம் சொன்னாலும் அழைத்துப் போவார். “மனநோய் வைத்தியர்” என்ற பெயருக்கு வெட்கப்பட வேண்டாம். காய்ச்சலுக்குப் போவதுபோல்தான் இதுவும். கோயிலில் வாக்குக் கேட்பது, நேர்த்தி வைப்பது, பூசை, ஜெபம், துஆ என்பன அவருக்கு ஆறுதல் என்றால் அவற்றையும் விட வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றாகவே போகலாம்.

உங்களையும் மறந்துவிடாதீர்கள்

துக்கத்தின் பக்கத்தில் இருப்பவருக்கும் அந்தச் சூடு படும். உங்கள் பழைய இழப்புகளும் கிளம்பும். வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் பிள்ளைகளை ஏசினால், நித்திரை வராவிட்டால், அது களைப்பு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முறை வைத்துப் போங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதையும் ஒரு விடயமாகப் பேசுங்கள்: எங்கள் ஊரில் இந்த மாதம் யார் தனியே இருக்கிறார்? யார் போகிறார்?

நீங்கள் சொன்ன சொல் எதுவும் அவர் நினைவில் நிற்காமல் போகலாம். வந்தீர்கள் என்பது நிற்கும். திரும்பவும் வந்தீர்கள் என்பது இன்னும் அதிகமாக நிற்கும். இந்தக் கையேட்டை வைத்துவிட்டு, முப்பத்தோராம் நாளோடு நீங்கள் போகாமல் விட்ட ஒரு வீடு நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். எத்தனை மாதம் கடந்திருந்தாலும் பரவாயில்லை. நாளைக்குப் போங்கள்.